உப்புத் தண்ணீரில் பார்த்த பஞ்சர்

தொண்ணூறில், யுத்த காலத்தில், மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைத் துரத்தியபோது யாரும் பதிவு பார்த்து அனுப்பவில்லை. யுத்தம் முடிந்து திரும்பிப் போவதற்குத்தான் படிவம், சாட்சி, கையெழுத்து எல்லாம் கேட்டார்கள். வாப்பாவின் காணியில் அரசாங்க வீட்டுத்திட்டம் கிடைக்க வேண்டுமென்றால், அதிகாரி பார்க்க வரும் நாளில் வாப்பா அந்தக் காணியில் நிற்க வேண்டும். அதனால் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு ஒருவரை அங்கே தகரக் கொட்டிலில் காவலுக்கு இருத்திவிட்டு, அகதியாக வந்து தங்கிய புத்தளத்தில் உழைத்தார்கள். எங்கள் வீட்டில் காவல் கிடந்தவர் வாப்பாதான்.

உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக அவர் புத்தளம் வந்திருந்தார். வந்த இரண்டாம் நாள் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு, மன்னாரிலிருந்த மச்சான் போன் எடுத்தார்.

"நாளைக்குப் பகல் லுஹருக்கு முந்தி காணி பாக்க ஐயா வாறாராம். மாமாவ எப்பிடியும் அனுப்புங்க."

விடியச் சுபஹு தொழுத கையோடு வாப்பாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். டவுனுக்கு ஆறு மைல். எங்கள் பக்கத்து முதல் பஸ்ஸை நம்பினால் மன்னார் பஸ் போய்விடும். காணி உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி வாப்பா மடியில் வைத்திருந்தார். உப்பளத்தடியில் பின் சில்லு காற்றுப் போய் ரிம் தார் ரோட்டில் இடித்தது.

"நடப்பமா மகன்?" என்றார் வாப்பா.

"பத்து நிமிசம் வாப்பா. ஒட்டிருவன்."

எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. எங்கள் முகாமில் பாதிப் பேரின் டியூபுக்கு ஒட்டுப் போட்டவன் நான். சைக்கிளிலேயே கிடந்த பம்பையும் ஒட்டுச் சாமானையும் எடுத்து, டயரைக் கழற்றி, உள்ளே குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கி எறிந்தேன். ஓட்டை எங்கே என்று பார்க்கத் தண்ணீர் வேண்டும். பக்கத்திலேயே உப்பளத்து வாய்க்கால். டியூபுக்குக் காற்றடித்து அதில் முக்கினேன். குமிழி வந்தது. உடுத்திருந்த சாரத்தால் துடைத்து, தகரத்தால் சுரண்டி, பசை தடவி ஒட்டை வைத்து அமர்த்தினேன்.

அந்த வாய்க்காலில்தான் நான் பதினைந்து வருசம் கூலிக்கு நின்றேன். அந்தத் தண்ணீர் காய்ந்தால் தோலிலேயே வெள்ளையாக உப்புப் படியும், கால் வெடிக்கும். ரப்பரிலும் படியும், அதன் மேல் பசை பிடிக்காது என்று தெரியாத மடையனா நான்? ஒரு போத்தல் நல்ல தண்ணீர் கேட்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு இருந்தது. அந்த வீட்டு மனுசன் எங்களை "அகதி" என்றுதான் கூப்பிடுவான். அவனிடம் கேட்க மனம் வரவில்லை. என் ரோசத்தை வாப்பாவின் காணிக்கு மேலே தூக்கி வைத்தேன்.

ஒரு மைல் தாண்டவில்லை, ஒட்டுக் கழன்றது. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடினேன். வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் கிடந்தது. பத்து மணி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். அவர் போய் இறங்கும்போது அதிகாரி "இங்கு வசிக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

உம்மாவிடம், பஸ் நேரத்துக்கு முந்திப் போய்விட்டது என்று பொய் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்த வாப்பாவிடம் உம்மா அதையே கேட்டார்.

"ஓம், முந்திப் போயிட்டு" என்றார் வாப்பா.

வீடு வேறு பெயருக்குப் போனது. வாப்பா அதற்குப் பிறகு மன்னார் பக்கம் போகவில்லை. என்னை ஒரு வார்த்தை ஏசவும் இல்லை. ஆனால், கண்மூடி மௌத்தாகும் வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கும் பள்ளிவாசலுக்கு வெயிலில் நடந்துதான் போனார். நான் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, "ஏறுங்க வாப்பா" என்பேன்.

"நீ போ மகன். நான் நடந்தே வந்துருவன்."