தாம்பாளத்தில் வந்த ரெக்கார்டர்

1. சேவல்கள் ஓடிய நாள்

ஆராய்ச்சிக்குப் போன முதல் நாளே தொழிலாளர் லயம் காலி. பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். காரை நிறுத்திக் கால் வைத்ததுதான் தாமதம், "மாத்தா வந்துருச்சுடோய்!" என்று ஒரு குரல். போலீசுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சண்டைச் சேவல்களைக் கூடையோடு தூக்கிக்கொண்டு இரண்டு பேர் செம்பனைக்குள் ஓடினார்கள். நானோ ஓய்வு பெற்ற சார்ஜன். கையில் விலங்கா இருக்கிறது? பேனாதான். சொன்னால் யார் நம்புவது!

வேலையை விட்டதும் குற்றவியல் நீதித் துறையில் பி.எச்.டி. சேர்ந்திருந்தேன். "ரிட்டையரானா எல்லாரும் பூச்செடி வைப்பாங்க. இவ பி.எச்.டி. வைக்கிறா லா" என்று என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் பாரோய் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். பாலாயில், அதான் போலீஸ் ஸ்டேஷனில், கவுண்டரில் உட்கார்ந்த காலமெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. தோட்டத்தில் களவு போனால் நம் ஆட்கள் ஏன் போலீசுக்கு வந்து ரிப்போர்ட் போடுவதே இல்லை?

அதைக் கேட்டால், "இங்க களவே இல்லீங்கம்மா" என்றார் ஒருவர். சொல்லிக்கொண்டே சமையல் கேஸ் தோம்புக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அடுத்தடுத்த வாரங்களிலும் இதே கதைதான். கல்லில் நார் உரிக்கலாம், இவர்கள் வாயைத் திறக்க முடியாது. என்னுடைய பேராசிரியர், மலாய்க்கார அம்மா, தங்கமானவர். அவருக்கே பொறுமை போய்விட்டது. செமஸ்டர் முடிவதற்குள் உருப்படியாக ஒரு பேட்டி வராவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

2. வெங்காயம் முடிகிற வரைக்கும்

அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள் மறுபடி போனேன். பந்தலில் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். உரம் போடும் வேலை செய்கிற லெட்சுமி அக்காதான் கோயில் சமையலுக்கு மந்தோர், வேலை ஏவுகிறவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நின்னு வேடிக்கை பாக்கவா வந்தீங்க சார்ஜனம்மா? கத்திய எடுங்க."

உட்கார்ந்தேன். ரெக்கார்டரைக் காட்டி, பேச்சைப் பதிவு செய்யலாமா என்று எல்லோரிடமும் கேட்டேன்.

"பேரு போடாம போட்டுக்குங்க. ஆனா வெங்காயம் முடியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது லா" என்றார் அக்கா. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அம்மாடி, அதற்கப்புறம் பேச்சு கொட்டியது. லெட்சுமி அக்கா சொன்னார்: "ரிப்போர்ட் போடப் போனா ஒரு நாள் சம்பளம் போச்சு. பஸ்ஸும் கெடையாது. கடைசில பாத்தா கோழிய எடுத்தவன் அடுத்த வீட்டுக்காரனா இருப்பான். அவன உள்ள தள்ளிட்டு அவன் பொண்டாட்டி மொகத்துல எப்படி முழிக்கிறது?"

"அப்ப என்னக்கா செய்வீங்க?"

"தாம்பாளம் வைப்போம்."

பொருள் காணாமல் போனால் கோயில் பின்பக்கம் ஒரு தாம்பாளத்தை வைத்துவிட்டு, எல்லோரும் முன்பக்கம் பூசைக்குப் போய்விடுவார்களாம். எடுத்தவர் கொண்டுவந்து வைத்தால் சரி. யார் என்று ஒருவரும் விசாரிக்கக் கூடாது. கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்தது. என் கேள்விக்குப் பதில் இதுதானே!

வெங்காய எரிச்சலில் கண் கழுவக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தால் ரெக்கார்டரைக் காணோம்.

"கேட்டச் சாத்துங்க! ஒருத்தரும் நகரக் கூடாது!" என்று கத்திவிட்டேன். கத்திகள் எல்லாம் அப்படியே நின்றன.

லெட்சுமி அக்கா சிரித்தார். "பாத்தீங்களா, மாத்தா வெளிய வந்துருச்சு. இப்ப நீங்களே சொல்லுங்க. பாலாய்க்குப் போறீங்களா, தாம்பாளம் வைக்கட்டா?"

என் படிப்பே அந்தச் சின்ன மெஷினுக்குள் இருந்தது. "வைங்கக்கா" என்றேன்.

அவர் கோயில் மைக்கைப் பிடித்தார். "சார்ஜனம்மாவோட படிப்பு அதுலதான் இருக்கு. எடுத்தவங்க கொண்டாந்து வச்சிருங்க. நாங்க யாரும் விசாரிக்க மாட்டோம். ஆத்தா மேல சத்தியம்."

சாயங்காலத் தீபாராதனையில் எல்லோரோடும் கும்பிட்டு நின்றேன். கண் அம்மன் மேல், காது மட்டும் பின்பக்கம். முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். தாம்பாளத்தில், ஒரு வெங்காயத் தோல்கூட ஒட்டாமல் துடைத்து வைத்திருந்தது என் ரெக்கார்டர். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

3. மீதி எங்கே?

வீட்டில் போட்டுக் கேட்டேன். காய் நறுக்கும் சத்தம், அக்காவின் பேச்சு, எல்லாம் பத்திரம். பிறகு ஏதோ உரசியது. ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பி, ஓடி, நின்றது. யாரோ செருமினார்கள். சட்டென்று நிறுத்தினேன். எடுத்தவரின் குரலும் இதில் இருக்கிறது!

"போடு, கேப்போம்!" என்று துள்ளினார் வீட்டுக்காரர். எனக்கும் கை பரபரத்தது. பழைய போலீஸ் காது. ஒரு வார்த்தை போதும், ஆளைச் சொல்லிவிடுவேன். பேராசிரியருக்குப் போன் அடித்தேன். "பதிவு செய்யச் சம்மதம் சொல்லாத குரல் அது. என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும்" என்று வைத்துவிட்டார். செருமலுக்குப் பின்னால் இருந்ததை அப்படியே அழித்தேன். அழித்ததையும் ஆய்வேட்டில் எழுதினேன்.

எல்லாம் எழுதி முடித்து, வாய்மொழித் தேர்வான வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "மீதி எங்கே? போலீசில் இருந்தவர் நீங்கள். சாட்சியத்தை அழிப்பீர்களா?"

நான் சொன்னேன்: "விசாரிக்க மாட்டோம் என்று மைக்கில் சொன்னபோது, நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன், சார். கேட்டிருந்தால் எனக்கு ஒரு ஆள் கிடைத்திருப்பார். ஆனால் அடுத்த முறை யார் வீட்டுப் பொருள் போனாலும் தாம்பாளம் காலியாகத்தான் இருக்கும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறைக்கு வெளியே வந்ததும் நான் விசும்பி விசும்பி அழுதேன்.

ஆராய்ச்சிக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஜனங்களிடம் தகவல் வாங்குவதற்கு முன்னால் அவர்கள் பந்தலில் உட்காருங்கள். உட்கார்ந்தால் அவர்கள் கொடுத்த வாக்கு உங்களையும் கட்டும்.

அடுத்த திருவிழாவுக்கு இனிப்போடு போனேன். "டாக்டராயிட்டியா சரசு? சந்தோசம். வெங்காயம் இருக்கு, உக்காரு" என்றார் லெட்சுமி அக்கா. பந்தலோரம் அந்தச் சேவல்காரர்கள் இருவரும் கூடையோடு நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்தும் ஓடவில்லை. நானும் சேவலைப் பார்க்காதது போலக் கத்தியை எடுத்தேன்.