பாப்பா சொன்னால்தான் வண்டி நகரும்

ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஓர் எடைமேடை இருக்கிறது. நெல் லாரி, வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர், தேங்காய் வண்டி எல்லாம் அதில் ஏறி நின்று இறங்கும். எடை பதிவானதும், அறை ஜன்னலுக்கு மேலே கட்டியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒரு சிறுமியின் குரல் வரும்.

"வண்டி எடுக்கலாம். மெதுவா போங்க."

அந்தக் குரல் வரும்வரை எந்த ஓட்டுநரும் கியரைத் தொடுவதில்லை. எடைச்சீட்டு கைக்கு வந்த பிறகும் காத்திருப்பார்கள். புதிதாக வந்த கிளீனர் யாராவது "போலாம்ணே" என்றால், "இருடா, பாப்பா சொல்லட்டும்" என்பார்கள்.

அந்தப் பாப்பாவுக்கு இப்போது இருபத்தாறு வயது. பெயர் எழில்மொழி. நியூசிலாந்தில் மாடுகளுக்கு வரும் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். எடைமேடை அறையில் உட்கார்ந்திருக்கும் முருகையன் அவளுடைய அப்பா.

முருகையனின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, களையெடுத்து, கதிர் அறுத்தவர்கள். இவர் மீசை அரும்புகிற வயதிலேயே கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போனார். ஒரு மழைநாளில் பலகை வழுக்கி மூட்டையோடு விழுந்ததில் இடுப்பு போயிற்று. எடைமேடைக்காரர் இராஜாங்கம் அவரைக் கூப்பிட்டு இந்த அறையில் உட்கார வைத்தார். "தூக்குன மூட்டைக்கு எடை சொல்ற வேலை தம்பி. அதுவே போதும்னு உக்காந்துட்டேன்" என்று முருகையன் என்னிடம் ஒருமுறை சொன்னார். பிறகு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அவருடைய மனைவி ராசம்மாள் அதைப் பார்த்துக்கொண்டாள். நடவுக் காலத்தில் அவள் வீடு திரும்ப இருட்டிவிடும் என்பதால், பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேராக எடைமேடைக்கு வந்துவிடுவாள்.

அப்படி ஒருநாள் அவள் அங்கே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோதுதான், தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வந்து கணினியையும் எடை நிரலையும் பொருத்தினார். ஓட்டுநர்களுக்குச் சொல்ல ஒரு குரல் வேண்டும் என்றார். முதலில் முருகையனைத்தான் பேசச் சொன்னார்கள். "மைக்கப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு" என்று இப்போதும் சிரிப்பார். பக்கத்தில் இருந்த மகளிடம் மைக்கை நீட்டினார் அந்த ஆள். சொல்லிக்கொடுத்தது 'வண்டி எடுக்கலாம்' மட்டும்தான். 'மெதுவா போங்க' அவளாகச் சேர்த்தது. மேடையைவிட்டு இறங்குகிற இடத்தில், அவள் சோறு வைக்கிற நாய் ஒன்று படுத்துக் கிடக்கும். வந்தவர் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

எழில்மொழி இதே ஊர்க் கால்நடைக் கல்லூரியில் படித்தாள். படிப்பு முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் வந்து, "அத மாத்துப்பா. கிளாஸ்ல எல்லாரும் என்னைப் பாத்து 'மெதுவா போங்க'ங்கறாங்க" என்றாளாம். அடுத்த வாரமே மாற்றிவிட்டதாக முருகையன் சொன்னார். மாற்றவில்லை. அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் வந்தால் எழுந்து வெளியே போய், வாய்க்கால் ஓரத்துப் புங்கமரத்தடியில் நின்றுதான் பேசுவார். வெயிலோ மழையோ, அங்கேதான். வெளிநாடு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பேச்சும் நீளாது. சாப்டியாப்பா, சாப்டேன், மழை பேஞ்சுதா, தூத்தல்தான், அம்மா எங்க, வயலுக்குப் போயிருக்கு. அதற்குமேல் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு உள்ளே வந்து உட்காருவார். அடுத்த வண்டி ஏறும். குரல் வரும். அவர் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சீட்டைக் கிழிக்கும் கை மட்டும் ஒரு நொடி நிற்கும்.

பொங்கல் முடிந்து சம்பா அறுவடை சூடு பிடித்த சமயத்தில் அந்தக் கணினி நின்றுபோனது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜாஃபர் சாதிக் பாய் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை செய்கிறேன். எடைமேடைக் கணினிக்கு எது வந்தாலும் நான்தான் போவேன். நான் போனபோது இராஜாங்கம் அவசரத்தில் இருந்தார்.

"தம்பி, ஹார்ட் டிஸ்க் மாத்திட்டு ஏதாச்சும் விண்டோஸப் போட்டு விடுங்க. பழைய சாஃப்ட்வேர் ஓடுனா ஓடட்டும். ஓடலன்னா சாயங்காலம் தஞ்சாவூர்க்காரன வரச்சொல்லிப் புதுசு போட்டுர்றேன். நாளைக்கு லாரி வரிசைகட்டி நிக்கும்."

"புதுசுல பேசுமா முதலாளி?" என்றார் முருகையன்.

"பீப்னு சத்தம் வரும். அது போதாதா? உம்மவ என்ன, வேலை போச்சுன்னு சண்டைக்கா வரப்போறா?"

முருகையன் சிரித்தார். இராஜாங்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா வருமா தம்பி?"

மேசை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய குறுந்தகடு ஒன்றை எடுத்தார். எடை நிரல் அதில் பத்திரமாக இருந்தது. சிக்கல் அதில் இல்லை. அந்த நிரல் திறக்க வேண்டுமானால் கணினியின் பின்னால் ஒரு சின்னப் பூட்டு செருகியிருக்க வேண்டும். விரல் நுனி அளவு இருக்கும். அந்தப் பூட்டை அடையாளம் காட்டும் டிரைவர் என்ற துணை நிரலை, விண்டோஸின் இரண்டு வகைகளில் முப்பத்திரண்டு பிட் வகைக்கு மட்டும்தான் எழுதியிருந்தார்கள். எழுதிய கம்பெனி இப்போது இல்லை. அறுபத்துநான்கு பிட் விண்டோஸ் ஏறினால் பூட்டு திறக்காது, நிரல் ஓடாது, குரலும் வராது. இதைச் சொன்னேன்.

"அப்ப முப்பத்திரண்டு போடுங்க."

நான் கொண்டுவந்த பென் டிரைவில் பாய் கையெழுத்தில் 'வின் 10 – 32' என்று ஒட்டியிருந்தது. ஆனாலும் நேராகப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. ஆரம்பித்துவிட்டால் எந்தப் பதிப்பு ஏறுகிறது என்று சில இன்ஸ்டாலர்கள் கேட்காது, சொல்லவும் செய்யாது. எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். அதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். என் லேப்டாப்பில் செருகி, சோர்சஸ் என்ற ஃபோல்டருக்குள் போனேன். அங்கே இன்ஸ்டால் என்ற பெயரில் பெரிய ஃபைல் ஒன்று இருக்கும். ஏறப்போகிற விண்டோஸ் முழுவதும் அதற்குள்தான். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து அந்த ஃபைலைப் பற்றிக் கேட்டால், உள்ளே ஹோம் இருக்கிறதா புரோ இருக்கிறதா, பதிப்பு எண் என்ன, எத்தனை பிட் என்று விவரம் கொடுத்துவிடும்.

"என்ன தம்பி பாக்கறீங்க? அதான் மேலயே எழுதியிருக்கே."

"மேல எழுதுனது பாய்ண்ணே. உள்ள இருக்கறது வேறயா இருக்கலாம்."

அவர் தலையாட்டினார். "விதை மூட்டை மாதிரி. நாங்க வெளிய ஒரு சீட்டு கட்டுவோம், மூட்டைக்குள்ள ஒரு சீட்டு போடுவோம். வெளிய இருக்கறத எலி கடிச்சிரும், இல்லாட்டி போன வருசத்துச் சீட்டே தொங்கும். அத நம்பித் தெளிச்சா, கதிர் வரும்போதுதான் தெரியும் வேற ரகம்னு." திரைப்பக்கம் குனிந்தார். "உள்சீட்டு என்ன சொல்லுது?"

அறுபத்துநான்கு என்று சொன்னது.

பாய்க்குப் போன் போட்டேன். "காலேஜ்காரங்க கேட்டாங்கன்னு அதுலயே புதுச ஏத்துனேன்டா, ஸ்டிக்கர் கிழிக்கல" என்றார். "டப்பாவோட எடுத்துட்டுப் போ. எதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது."

கடைக்குப் போய், பென் டிரைவ்கள் போட்டு வைத்த பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தேன். ஒவ்வொன்றாகச் செருகிக் கேட்டேன். அறுபத்துநான்கு. அறுபத்துநான்கு. ஒன்று காலி. ஒன்றில் யாருடைய ரேஷன் கார்டோ. முருகையன் என் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொன்றுக்கும் "உள்சீட்டு?" என்று மட்டும் கேட்டார். என் முகத்தைப் பார்த்த பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

பழைய டிஸ்க்கை வேறு வழியில் படிக்க முடிந்ததால், குரலை மட்டும் தனியே எடுத்து அவருடைய போனில் போட்டுக் காட்டினேன். காதில் வைத்துக் கேட்டார். மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். பிறகு போனை மேசைமேல் வைத்தார்.

"இதுல வண்டி இல்லையே தம்பி."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவரே சொன்னார்.

"நானாத் தட்டிக் கேட்டா அது போட்டோ பாக்கற மாதிரி. வண்டி வந்து நிக்கணும். நான் எடை பாத்துக்கிட்டு இருக்கணும். அது பாட்டுக்குப் பேசணும். அப்ப இங்கன ஒக்காந்து எழுதிக்கிட்டு இருக்கற மாதிரியே இருக்கும்."

ஜன்னலுக்குக் கீழே கையைக் காட்டினார். அங்கே இப்போது காகித உருளைகள் அடுக்கிய அட்டைப்பெட்டி இருந்தது.

டப்பாவை மூடப்போனேன். அடியில் ஒரு பென் டிரைவ் மிச்சம் இருந்தது. 'தங்கச்சி நிக்காஹ்' என்று ஒட்டியிருந்ததால் நான் அதைத் தொடவேயில்லை.

"அதையும் பாத்துருங்களேன்" என்றார்.

"கல்யாண வீடியோண்ணே."

"முப்பத்திரண்டுன்னு எழுதுனதுல அது இல்ல. இல்லன்னு எழுதுனதுல இருந்தா என்ன?"

செருகினேன். வீடியோ எதுவும் இல்லை. சோர்சஸ் இருந்தது. அதற்குள் இன்ஸ்டால் இருந்தது. கட்டளையை அடித்தேன். விண்டோஸ் பத்து, புரோ, எக்ஸ் எண்பத்தாறு.

அவர் முகம் வாடிவிட்டது. "எண்பத்தாறா? அது இன்னும் பெருசால்ல."

"இல்லண்ணே. எண்பத்தாறுன்னு போட்டிருந்தா முப்பத்திரண்டுனு அர்த்தம்."

"யாரு இப்படிப் பேரு வச்சது?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல், போய் டீ வாங்கி வந்தார்.

விண்டோஸ் ஏறி முடிகிற நேரம் முழுவதும் அவர் உட்காரவில்லை. நிரலைப் போட்டேன். பூட்டைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. நிரல் திறந்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முருகையன் இராஜாங்கத்துக்குப் போன் போட்டு, "ஓடுது முதலாளி, தஞ்சாவூர்க்காரர் வேணாம்" என்று சொன்னார். அவர் குரலில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் வந்தது ஒரு நெல் லாரி. ஏறி நின்றது. எண் ஏறிக்கொண்டே போய் நின்றது. சீட்டு அச்சாகி வந்துகொண்டிருக்கும்போது முருகையனின் போன் அடித்தது. எழில்மொழி. அங்கே அவள் தூங்கப்போகும் நேரம். ஒரு கையில் சீட்டு இருந்தது, கண் திரையில் இருந்தது. புங்கமரத்தை மறந்து அங்கேயே எடுத்துவிட்டார்.

"என்னம்மா."

"வண்டி எடுக்கலாம். மெதுவா போங்க" என்றது ஸ்பீக்கர்.

ஓட்டுநர் வெளியே தலையை நீட்டினார். "என்னண்ணே, காலையில மேடை மூடிக் கெடந்துச்சு. பாப்பா லீவு முடிஞ்சு வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு லாரியை எடுத்துப் போனார்.

முருகையன் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அவசரமாக வெளியே போகப் பார்த்தவர், பாதியில் நின்றார். போனிலிருந்து சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தார். அப்போது விரல் பட்டு, போனின் ஸ்பீக்கர் ஆனாகி, அவள் குரல் அறைக்குள் கேட்டது.

"மாத்திட்டேன்னு சொன்னியேப்பா."

அவர் சீட்டுப் புத்தகத்தை நேராக வைத்தார்.

"நானா அது? இப்படியா கத்துவேன் நான்?"

"நீ மெதுவாத்தான் சொன்ன. ஸ்பீக்கர் அப்படி."

"அந்த நாய்க்காகச் சொன்னேன்ல." அவள் சிரித்தாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. "தினமும் ஓடுதாப்பா?"

"வண்டி வந்தா ஓடும்."

"அடுத்த வண்டி எப்ப வரும்?"

"தெரியலம்மா. வரும். நீ போய்ப் படு, உனக்கு நேரமாச்சு."

"இருக்கேன்" என்றாள்.

முருகையன் போனை ஜன்னல் விளிம்பில், ஸ்பீக்கருக்கு நேர்கீழே சாய்த்து வைத்தார். வாசலில் போய் நின்று சாலையைப் பார்த்தார். அந்தப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் கொக்குகள் நின்றன. ஒரு பஸ் போனது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் போயின. நான் பென் டிரைவ்களைச் சத்தமில்லாமல் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"வருதாப்பா?"

தூரத்தில், வளைவில், உயரமாக ஏதோ ஆடிக்கொண்டு திரும்பியது. அவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"வைக்கோல் வண்டி மாதிரி இருக்கு. இங்கதான் வருதான்னு தெரியல."

"பாரு" என்றாள் எழில்மொழி.