அக்கா பொறுக்கிய நூல்

இந்தத் தையோடு அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலரில் நீங்கள்தான் எழுத வேண்டும் மாமா என்று அக்காவின் மகள் சொல்லிவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கலியாணப் பத்திரிகையில் விலாசம் எழுதியதைத் தவிரப் பேனா பிடித்துப் பழக்கமில்லை. எதையாவது தப்பாக எழுதிவிடுவேனோ, யாரையாவது விட்டுவிடுவேனோ என்று மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. எழுத்தில் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்த ஒரு காரியத்தையும் இதில் எழுதப்போகிறேன். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்கா பிறந்தது எடப்பாடிக்குப் பக்கத்தில், கைத்தறிக் குழி பாதி இடத்தை எடுத்துக்கொண்ட ஒரு வாடகை வீட்டில். அவர் மூத்தவர், நான் கடைசி. இடையில் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. எனக்கு ஆறு வயதானபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். காலையில் பேசிக்கொண்டிருந்தவர் சாயங்காலம் இல்லை. அன்றைக்கு என்னைப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. அடுத்த வாரமே பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அப்பாவுக்கு நூல் சுற்ற உட்கார்ந்துவிட்டார். குமாரபாளையத்துக்கு வாக்கப்பட்டபோதும் என்னை விட்டுவிட்டு வரவில்லை. "சீரோட சேத்து இவனையும் குடுத்தாங்க, திருப்பி அனுப்ப முடியாது" என்று மச்சான் வீட்டாரிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். மச்சானும் என்னைத் தம்பியாகத்தான் வைத்துக்கொண்டார்.

மச்சான் நாற்பது வயதிலேயே மாரடைப்பில் போனார். மகளுக்கு அப்போது பத்து வயது. பட்டறையில் அவர் விட்டுப்போன நான்கு விசைத்தறிகளை அக்காவும் நானும் ஓட்டினோம். அந்தத் துக்கத்தில்தான் அக்கா பட்டறைக்குப் பின்னால் செடி வைக்க ஆரம்பித்தார். பட்டறைச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு நீளமாகக் கிடந்த இடம் அது. மாதுளை, எலுமிச்சை, செம்பருத்தி, ஓரத்தில் ஒரு முருங்கை. வேலியில் கோவைக்கொடி தானாக ஏறியது. அதை வெட்ட விடமாட்டார். எலுமிச்சை இலையைப் புழு தின்றால், "தின்னட்டும், பட்டாம்பூச்சி என்ன இட்லியா திங்கும்?" என்பார். மண்சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் ஒரு ஓட்டுச் சில்லைப் போட்டு வைப்பார். தண்ணீர் குடிக்க வரும் தேனீ முங்கிச் சாகாமல் ஏறிக்கொள்வதற்காக.

மாசி பிறந்தால் அந்த இடம் வேறாகிவிடும். முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். மாதுளையில் கொண்டைக்குருவி கூடு கட்டும். அணில் இரண்டு ஓடிக்கொண்டே இருக்கும். நான்கு தறியும் ஓடுகிற சத்தத்தில் மனிதர்கள் பேசுவதே கேட்காது. அக்காவுக்கு மட்டும் குஞ்சு கத்துவது கேட்கும்.

எனக்கு அந்த இடம் என்றாலே பயம்.

"இப்படி அடர்ந்து கெடந்தா பாம்பு வரும்க்கா."

"வந்தா என்ன சாமி? அது உன்னயப் பாத்துப் பயப்படும், நீ அதையப் பாத்துப் பயப்படுவ. ஆளுக்கொரு பக்கம் ஓடுங்க, நான் கூட்டிப் பெருக்கிக்கறேன்."

பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சண்டைக்கே வந்தார். "ஏனுங்க, உங்கூட்டு இலையெல்லாம் எங்கூட்டு வாசல்லயே வந்து உழுகுதுங்க."

"இலைக்கு ஊடு அடையாளம் தெரியலீங்க. நாளைக்குச் சொல்லி வெக்கறேனுங்க" என்றார் அக்கா. அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்த வருடம் அவர் வீட்டுச் சுவரிலும் ஒரு சட்டித் தண்ணீர் வந்தது.

இதையெல்லாம் எல்லோரும் அறிவீர்கள். எனக்கே விளங்காத ஒன்று இருந்தது. தினமும் காலையில் தறி ஓட்டுவதற்கு முன்னால் அக்கா குனிந்துகொண்டே அந்த இடம் முழுவதும் நடப்பார். பட்டறையிலிருந்து காற்றில் பறந்து வந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். செடியில் சிக்கியதை, வேலியில் தொங்கியதை, மண்ணில் பாதி புதைந்ததைக்கூட. எல்லாவற்றையும் சாக்கில் போட்டு வாயைத் தைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் சட்டிக்குத் தண்ணீர். பட்டறையின் பின்கதவை எப்போதும் சாத்தியே வைக்கச் சொல்வார். அக்காவுக்குச் சுத்தம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

அப்புறம் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஈரோட்டுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவோம். இரண்டு வருடம். போகிற வழியெல்லாம் நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வருவேன். அக்கா என் தொடையில் தட்டி, "யாருக்குடா வைத்தியம்? உனக்கா எனக்கா?" என்பார். அவருக்குக் குடிக்க அளந்துதான் தண்ணீர் கொடுக்க வேண்டும். நா வறண்டு கிடப்பார். அப்படிக் கிடந்தும், "சட்டியில தண்ணி இருக்குதா பாரு" என்பதுதான் முதல் பேச்சு. கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மாசி பொறந்தா அதுக வந்துரும். மொதல்ல கூட்டி அள்ளு, அப்பறம் தண்ணி வெய்யி. மறந்தராத சாமி." தலையாட்டினேன். நான்கு நாளில் போய்விட்டார்.

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பியதும் மாசி வந்தது. வராமல் போய்விடுமோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். குருவி வரவில்லை என்றால் அக்காவிடம் என்ன பதில் சொல்வது? தண்ணீரை மூன்று வேளை மாற்றினேன். அதுவும் போதாதென்று தோன்றியது. எடப்பாடி வீட்டில் அம்மா கைத்தறிக் கழிவு நூலைக் கொத்தாக வேலியில் சொருகி வைப்பார், சிட்டுக்குருவி கொத்திக்கொண்டு போய்க் கூடு கட்டும். அது நினைவுக்கு வந்தது. பட்டறையிலிருந்து ஒரு கை நூலை அள்ளிவந்து கோவைக்கொடியில் தொங்கவிட்டேன். ரோஸும் பச்சையும்.

கொண்டைக்குருவி அன்றைக்கே எடுத்தது. மாதுளையில் ரோஸ் கலரில் ஒரு கூடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் படம் எடுத்து அக்காவின் மகளுக்கு அனுப்பினேன். "அம்மா பாத்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருக்கும் மாமா" என்று அது அழுதது. நானும் அழுதேன். அக்கா போன பிறகு நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த ஒரு மாதம்தான்.

குஞ்சு மூன்று. இறக்கை முளைத்துக் கிளம்ப வேண்டிய நாளில் ஒரு குஞ்சு கூட்டுக்குக் கீழே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காலில் ரோஸ் நூல். எறும்பு ஏறிவிட்டது. மற்ற இரண்டும் கூட்டுக்குள்ளேயே நூலோடு நூலாகக் கட்டுண்டு கிடந்தன. பட்டறைக் கத்தரியை எடுத்துவந்து அறுக்கப் பார்த்தேன். நூல் தோலுக்குள் புதைந்திருந்தது. ஒன்று கையிலேயே போய்விட்டது. இன்னொன்றை விடுவித்தேன், ஆனால் அதன் கால் கறுத்துப் போயிருந்தது. இரண்டு நாள் இருந்தது. தாய்க்குருவி வாயில் புழுவோடு மதில்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. கொடுப்பதற்கு ஆளில்லை. விழுங்கவும் இல்லை.

அம்மா வைத்தது பருத்தி நூல். மழையில் இற்றுப்போகும், இழுத்தால் அறும். இப்போது எங்கள் தறியில் ஓடுவது பாலியஸ்டர். கையால் அறுத்தால் கைதான் அறுபடும். இருபது வருடமாக அந்த நூலோடு கிடக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா?

பட்டறையில் எங்களுக்கு நூல் சுற்றித் தரும் ராசாமணி பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்ணா, அக்கா இத்தன வருசமா இதுக்குத்தானுங்களே பொறுக்குச்சு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எதுக்கு?"

"பாலியஸ்டர் வந்த புதுசுல, அக்காவும் இப்படித்தானுங்க கொத்தா மாட்டி வெச்சுச்சு. அணில் குட்டி நாலு. ஒண்ணுகூடத் தேறலீங்க. எலுமிச்சைக்கடியிலதான் பொதைச்சோம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

ராசாமணி குனிந்து கீழே கிடந்த ரோஸ் நூலைப் பொறுக்கியது. அப்புறம் சொன்னது. "தம்பிகிட்ட மூச்சு உடாத, கேட்டா ஒரு மாசத்துக்கு அது தூங்காதுன்னுச்சுங்ணா."

உறவுகளே, இதைத்தான் எழுத வேண்டியிருந்தது. நான் பயப்படுவேன் என்று அக்கா அந்தத் துயரத்தைத் தனியாகச் சுமந்தார். இருபது வருடம் தினமும் குனிந்து பொறுக்கினாரே தவிர ஏனென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மூன்று குஞ்சும் பறந்திருக்கும். சொல்ல முடியாத தம்பியாக நான் இருந்துவிட்டேன். அந்தக் கூடு காலியாகவே மாதுளையில் இருந்தது. பங்குனி போய்ச் சித்திரையும் போனது. எதுவும் வரவில்லை. தேன்சிட்டுகூட முருங்கையோடு திரும்பிவிடுகிறது.

அக்காவின் கடைசி இரண்டு வருடம் ஈரோட்டுக்கு வண்டி ஓட்டிய பங்காளிகளுக்கும், முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எங்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், இன்னும் பட்டறையை விட்டுப் போகாத ராசாமணிக்கும் நானும் அக்காவின் மகளும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். பெயர் விட்டுப்போனவர்கள் என்னைத் திட்டிவிடுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னும் சில நாளில் மாசி. காலையில் குனிந்து பொறுக்குகிறேன். கண் முன்போல் தெரிவதில்லை, அதனால் இரண்டு தரம் நடக்கிறேன். அப்படியும் ஒரு இழை தப்பியிருக்குமோ என்று தறியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடுகிறேன். வருமா என்று தெரியவில்லை. வந்தால் அதற்கும் பயமாக இருக்கிறது.

நினைவு நாளுக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்கா படத்துக்கு மாலை வேண்டாம். உதிரிப்பூவாகக் கொண்டு வாருங்கள். தெரியாமல் யாராவது மாலை வாங்கி வந்துவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். வாசலிலேயே வாங்கி, உட்கார்ந்து பூவை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு, நூலை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிடுங்கள். வழியில் எங்கும் எறிந்துவிடாதீர்கள்.