எர்ணாவூருக்குப் போட்ட மாறுதல் உத்தரவு

ஆசீர்வாதத்தை ஆயர் கொடுப்பார், மாறுதல் உத்தரவை நான் கொடுப்பேன். மறைமாவட்டத்தில் ஆயருக்கு அடுத்த இடத்தில் இருக்கிற முதன்மைக் குருவின் வேலை அவ்வளவுதான். நல்ல சேதியைத் தான் சொல்லிவிட்டுக் கெட்டதை உங்கள் தலையில் கட்டுகிற பெரியவர் உங்கள் ஆபீசிலும் இருந்தால், நீங்கள் நம்ம ஆள்.

வேன் நிறைய கோபம்

எர்ணாவூர் பங்குத்தந்தை அருளப்பனுக்கு மாறுதல் போட்டதும், ஒரு வேன் நிறைய ஜனம் ஆயர் இல்லத்தில் வந்து இறங்கியது. முன்னால் நின்றவர் ஸ்டெல்லா, காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். உண்மையில் மாறுதல் கேட்டதே அருளப்பன்தான். பூசையில் மறந்து மறந்து போகிறது, ஜனங்களுக்குத் தெரிவதற்குள் என்னை எடுத்துவிடுங்கள், காரணம் மட்டும் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தார். நானும் வாயைத் திறக்காமல் ஸ்டெல்லாவிடம் திட்டு வாங்கிக்கொண்டேன்.

"ஃபேனுக்கு அடியில குந்திகினு கையெழுத்து போட்டுட்டீங்கோ சாமி. அவருக்கு எங்களை வுட்டா யாரு கீறாங்க?"

மறுபடியும் எழுந்து நின்றார்கள்

புதிய பங்குத்தந்தையைக் கூட்டிக்கொண்டு, அருளப்பனின் கடைசி ஞாயிறு பூசைக்கு நானே போனேன். நற்செய்தி வாசித்தார், பிரசங்கம் வைத்தார். பிறகு அதே நற்செய்தியை முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் ஜனங்கள் பக்கம் திரும்பினேன். கோயிலில் ஒருத்தர் முகமும் மாறவில்லை. மொத்த ஜனமும் எழுந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, முதல் தடவை கேட்ட மாதிரியே கேட்டது.

ஒரு வருஷமாக இப்படித்தானாம். ஆபீசுக்குத் தெரிந்தால் அவரைத் தூக்கிவிடுவோம் என்று யாரும் மூச்சு விடவில்லை. வெளியே வந்து ஸ்டெல்லா இதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்ல வார்த்தைதானே சாமி, ரெண்டு தபா கேட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

சாவி

அங்கிருந்தே ஆயருக்கு போன் போட்டுப் பேசிச் சம்மதம் வாங்கினேன். பொறுப்பு புதியவருக்கு, அருளப்பன் ஓய்வில், அதே பங்கு வீட்டில், அதே ஜனங்களோடு. வழக்கப்படி வாசலில் அருளப்பன் கோயில் சாவியை என்னிடம் கொடுக்க, நான் புதியவரிடம் கொடுத்தேன். ஜனம் கைதட்டியது.

ஐந்து நிமிஷத்தில் அருளப்பன் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துப் பதறினார், சாவியைக் காணோம் என்று. புதியவர் அதை அவர் கையில் வைத்தார். அவர் மறுபடி என்னிடம் கொடுத்தார், நான் மறுபடி புதியவரிடம் கொடுத்தேன், ஜனமும் மறுபடி கைதட்டியது. அருளப்பன் என் காதோரம் குனிந்தார்.

"நல்லவேளை ஃபாதர், ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியல."

இத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகப் போட்ட ஒரே மாறுதல், யாரும் எங்கேயும் போகாத அந்த மாறுதல்தான்.