அந்த நோட்டில் எழுதாத பெயர்

வங்க மொழியில் நான் முதலில் கற்றுக்கொண்ட முழு வாக்கியம், "ஏகானே கி புகூர் சிலோ?" இங்கே குளம் இருந்ததா என்று அர்த்தம். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த விருதுநகர்க்காரிக்கு, தெருவுக்கு ஒரு குளம் வைத்திருந்து அதை மூடி அடுக்குமாடி கட்டிய ஊரைப் பார்க்க வயிறு எரிந்தது. அதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டேன். டாலிகஞ்சில் மூடப்பட்ட குளங்கள்.

இரண்டு வருடம் நடந்தேன். மெட்ரோவில் இறங்கி, ஆட்டோ வரிசையைத் தாண்டி, அகதிகளாக வந்தவர்கள் கட்டிய காலனிகளுக்குள் நுழைந்தால் வெயில் ஏறும்வரை சந்து சந்தாகப் போவேன். வயதானவர் யார் வாசலில் உட்கார்ந்திருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வேன். என் உச்சரிப்பைக் கேட்டு முதலில் சிரிப்பார்கள். பிறகு நாற்காலி வரும், பொரி வரும், குளமும் வரும். எல்லாவற்றையும் நீல அட்டை போட்ட நோட்டில் தமிழில் எழுதினேன். எனக்கு அதுதான் வேகமாக வரும். துறையில் வேறு யாருக்கும் அது புரியாது என்ற தைரியமும் இருந்தது.

ஒருவருக்கு மட்டும் புரியும். அவர் என் சீனியர். மூன்று தலைமுறையாகக் கொல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழை வீட்டில் அவர் அம்மா எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார். முதல் நாள் நான் "அண்ணே" என்றதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குக் கூப்பிடுவார். நான் மாமி என்று கூப்பிட்ட அவர் அம்மா வத்தக்குழம்பும் அப்பளமும் போடுவார். அந்த ஊரில் நான் வயிறாரச் சாப்பிட்டது அங்கேதான்.

நான் சந்தித்தவர்களில், அந்த ஊர் வழக்கப்படி மாசிமா, அதாவது சித்தி, என்று கூப்பிட்ட ஒருவர் இருந்தார். எழுபது தாண்டிய விதவை. அவர் வீட்டுப் பால்கனிக்கு எதிரே இப்போது வண்டிகள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் பெரிய குளம். நாலைந்து மாதம் போய்வந்த பிறகு, ஒரு மழை நாளில், அவருடைய தீதி, அதாவது அக்கா, அந்தக் குளத்தில் இறங்கிய கதையைச் சொன்னார். கால் தவறி விழுந்து செத்ததாக ஊர் பேசிக்கொண்டதாம். அக்கா தானாகத்தான் இறங்கினாள், ஏன் இறங்கினாள் என்பதும் இவருக்குத் தெரியும். சொல்லி முடித்துவிட்டு, "இதை எழுதாதே, என்ன?" என்றார். "எழுத மாட்டேன் மாசிமா" என்றேன்.

ஹாஸ்டலுக்கு வந்து எழுதிவிட்டேன். எனக்காக மட்டும்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்காவின் பெயரை மட்டும் எழுதவில்லை. அதையாவது விட்டுவைப்போம் என்று தோன்றியது.

அடுத்த மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. ஊருக்குக் கிளம்பும்போது சீனியர் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தார்.

"நோட்டைக் குடுத்துட்டுப் போ. நான் இங்கிலீஷ்ல டைப் பண்ணி வெக்கறேன். நீ வந்து திருத்திண்டா போதும்."

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? நம்மவா நம்மவாளுக்குச் செய்யலேன்னா எப்படி?"

கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பியபோது நோட்டு ஒரு துணிப்பையில் பத்திரமாக வந்தது. டைப் செய்ய நேரமில்லை என்றார். குளிர்காலத் தொடக்கத்தில் துறையிலிருந்து வங்க மொழியில் ஒரு சிறுநூல் வெளியானது. அட்டையில் எங்கள் நெறியாளர் பெயரும் சீனியர் பெயரும் இருந்தன. உள்ளே என் குளங்கள், என் வரைபடம், நான் கேட்ட பேச்சு. கடைசிப் பக்கத்தில் களப்பணியில் உதவியதற்காக எனக்கு ஒரு வரி நன்றி. நடுவில், கட்டம் போட்டு, மாசிமாவின் அக்கா. 'ஆய்வாளரிடம் ஒரு மூதாட்டி மனம் திறந்தார்' என்று தொடங்கியது. எதிரே பச்சை பால்கனி என்பது வரை இருந்தது. அந்தத் தெருவில் பச்சை பால்கனி ஒன்றுதான்.

நூலகப் படிக்கட்டில் அவரை மறித்தேன்.

"இது என் நோட்டு."

"ஃபீல்டுக்கு யார் வேணாலும் போகலாம். எழுதறதுதான் வேலை. உனக்கு எழுத வரல, நான் எழுதினேன். குளமெல்லாம் உன் சொத்தா?"

"அந்த அம்மா எழுதாதேன்னு சொன்னாங்க."

"அப்ப நீ ஏன் எழுதினே?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவரை மன்னிக்கக் கூடாது என்று முடிவுசெய்தேன். நெறியாளரிடம் போனேன். ஒரே துறைக்குள் இதைப் பெரிதாக்க வேண்டாம், அடுத்த கட்டுரையில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அழாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெளியூர் விருந்தினர்களுக்காக ஒரு குளிர்கால ஞாயிறு காலையில் துறை ஒரு நடைப் பயணம் ஏற்பாடு செய்தது. மூடிய குளங்களைச் சீனியர் காட்டுவார். எனக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கும் வேலை. அதற்கு நாலு நாள் முன்னால் மாசிமா வீட்டுக்குப் போனேன். சிறுநூலைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதியதையும் மறைக்கவில்லை. அவர் அந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இவன் இங்க வருவானா?"

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வருவாரு மாசிமா."

"இவன்கிட்ட நான் பேசினதே இல்லையே."

"இல்ல. உங்க தீதி பேரும் அவருக்குத் தெரியாது. அதை மட்டும் நான் எழுதல."

அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். பொய் சொல்லுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கத்தியை எடுத்து, கைப்பிடிப் பக்கம் அவரிடம் நீட்டினேன், அவ்வளவுதான்.

ஞாயிறு அன்று இருபது பேருக்கு மேல் வந்தார்கள். சீனியர் புதுக் குர்தாவில், சின்ன மைக்கோடு முன்னால் நடந்தார். பச்சை பால்கனிக்குக் கீழே நின்று, குரலைத் தாழ்த்தி, "இங்கேதான் ஒரு மூதாட்டி என்னிடம்..." என்று தொடங்கினார். கதவு திறந்தது. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் மாசிமா இறங்கி வந்தார்.

"யாரப்பா நீ?"

அவர் சிரித்துச் சமாளித்தார். "மறந்துட்டீங்களா மாசிமா? குளத்தைப் பத்திப் பேசினோமே."

"ஓ, பேசினோமா? என் தீதியைப் பத்திச் சொன்னேனா?"

"ஆமா மாசிமா. அழுதுகூட..."

"அப்படின்னா அவ பேர் என்ன, சொல்லு."

மைக் அணைக்கப்படவில்லை. அவர் மூச்சு விடுவது எல்லோருக்கும் கேட்டது. நெறியாளர் தரையைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சீனியர் என் பக்கம் திரும்பி, தமிழில், உதடு அசையாமல் சொன்னார்: "சொல்லிக்குடு. ப்ளீஸ்."

நான் எல்லோருக்கும் கேட்கும்படி வங்க மொழியில், அண்ணே என்பதற்குப் பதில் தாதா போட்டு, சொன்னேன். "தாதா, மாசிமா கேக்கறது உங்களை."

அந்த முகத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். காதுமடல் சிவந்து, கழுத்து வியர்த்து, பார்வை எங்கே போவதென்று தெரியாமல் அலைந்தது. டெங்குவில் படுத்திருந்த நாட்களுக்கும், நூலகப் படிக்கட்டுக்கும், அந்த ஒரு வரி நன்றிக்கும் சேர்த்துப் பார்த்தேன். ஒரு வார்த்தையில் நான் காப்பாற்றியிருக்கலாம். காப்பாற்றவில்லை. கடைசியில் மாசிமா என்னைக் கைகாட்டி, "ரெண்டு வருஷமா என் வீட்டுக்கு வந்தவ இவ. நீ திருடன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

மறுவாரம் சிறுநூல் திரும்பப் பெறப்பட்டது. என் பெயரோடு, அந்தக் கட்டம் இல்லாமல், மறுபடி வந்தது. சீனியர் படிப்பை விட்டுவிட்டு நியூ டவுனில் ஒரு கம்பெனியில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அன்று ஹாஸ்டலில் இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன்.

மாசிமா வீட்டுக்கு அதற்குப் பிறகும் போனேன். டீயும் பிஸ்கட்டும் வந்தன. மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார். கதை எதுவும் சொல்லவில்லை. நானும் நோட்டைக் கொண்டுபோகவில்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த வருடம், லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் கறிவேப்பிலை கேட்டபடி மாமி வந்து நின்றார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் நகரப் போனார், பிறகு நின்றார்.

"அவன் பண்ணினது தப்புதான். நீ எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? நானே அவனைக் கூட்டிண்டு வந்து உன் முன்னாடி நிறுத்தியிருப்பேனே. தெருவுல வெச்சுதான் பண்ணணுமா?"

"சொல்லியிருக்கலாம் மாமி. எனக்கு அது போதாது."

வருத்தம் தெரிவிப்பேன் என்று அவர் காத்திருந்தார் என நினைக்கிறேன். நான் காய்க்காரரிடம் பையை நீட்டினேன். அவர் கறிவேப்பிலை வாங்காமலேயே கூட்டத்துக்குள் போனார்.