என் கல்யாண ஓலையை நானே வாசிச்சேன்

இன்னைக்குக் காலையில கோயில்ல ஓலை வாசிச்சாங்க.

எனக்கு இப்பவும் அந்த நேரம் பயம்தான்!

(தெரியாதவங்களுக்கு: எங்க சபையில கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு பொண்ணு மாப்பிள்ளை பேரை ஆராதனையில வாசிச்சு, தடை இருந்தா சொல்லுங்கன்னு கேப்பாங்க. அதுதான் ஓலை. மத்தபடி வெறும் பேப்பர்தான்.)

எழுபதுகளோட நடுவுல தூத்துக்குடியில கப்பல் சரக்கு பார்க்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல நான் கிளார்க். அப்பா அம்மா சாத்தான்குளத்துல.

எங்க ஐயருக்கு (பாஸ்டரை அப்படித்தான் சொல்லுவோம்) ஆறு சபை. அந்த ஞாயிறு விளாத்திகுளம் பக்கம் திருவிருந்து ஆராதனை நடத்தப் போயிட்டார். கோயில்ல வேதபாடம் வாசிக்கிற பையன்னு ஆராதனையையும் பிரசங்கத்தையும் என் தலையில கட்டிட்டார்.

முதல் பிரசங்கம்! தலைப்பு, பயப்படாதே. (ஆபீஸ்ல கப்பல் பேப்பருக்குப் பின்னாலயே எழுதிப் பழகினேன்.)

பாட்டு, ஜெபம், வேதபாடம் எல்லாம் நல்லாத்தான் போச்சு. அறிவிப்பு வாசிக்கிற நேரம் வந்ததும், ஐயர் நோட்டுக்குள்ள வச்சிருந்த ஓலையைப் பிரிச்சேன். முன்னாடியே பார்த்து வச்சிருக்கணும். பார்க்கல.

"சாத்தான்குளம் தேவசகாயம் அவர்களின் குமாரன் ஞானதுரை..."

எங்கப்பா பேரு. என் பேரு!

கண்ணு அந்தப் பேருலயே நின்னுட்டு. ஆனா வாய் அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிட்டு.

பொண்ணு பேரு லில்லி புஷ்பம். எனக்குப் பத்தடி தள்ளி கொயர்ல உக்காந்திருக்கா! (அதுவரைக்கும் "ஸ்தோத்திரம்"னு வணக்கம் சொல்றது தவிர அவகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல.)

ரெண்டு அப்பாமாரும் பேசி முடிச்சு ஐயர்கிட்ட எழுதிக் குடுத்திருக்காங்க. எனக்குத் தெரியும்னே ஐயர் நினைச்சிருக்கார். எங்கப்பா எனக்குப் போட்ட கார்டு மறுநாள்தான் வந்துச்சு.

அவளுக்குக் கார்டுகூட இல்ல.

பாதியில நிறுத்தத் தெரியாம, தடை இருந்தா இப்பவே அறிவிக்கணும்ங்கிற கடைசி வரி வரைக்கும் வாசிச்சுட்டேன். வழக்கமா அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அடுத்த பாட்டுக்குப் போயிருவோம்.

லில்லி எழுந்து நின்னா.

"எனக்குத் தடை இருக்கு. டீச்சர் டிரெயினிங் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. என்கிட்ட யாரும் கேக்கல."

ஆராதனை நடுவுல ஒரு பொண்ணு எழுந்து பேசி அங்க யாரும் பார்த்ததில்ல. முன் வரிசையில அவ அப்பா முகம் வெளுத்து, "ஏளா, உக்காரு"ன்னார்.

எல்லாரும் என்னைப் பாக்காங்க. ஆராதனை நடத்துறவனும் நான்தான், மாப்பிள்ளையும் நான்தான்!

எங்கேருந்து தைரியம் வந்துச்சோ தெரியல. அவ அப்பாகிட்ட, "அண்ணாச்சி, தடையைக் குறிச்சுக்கிடுதேன்"னு சொல்லி, ஓலையிலயே எழுதினேன்.

அப்புறம் பயப்படாதேன்னு பிரசங்கம் பண்ணினேன். நாலே நிமிஷம். அன்னைக்கு அங்க பயப்படாத ஒரே ஆள் அவதான்.

ஆராதனை முடிஞ்சு வாசல்ல நேராப் போய், சம்மதமான்னு அவகிட்டயே கேட்டேன்.

"பரீட்சை முடியட்டும். அப்புறம் கேளுங்க."

ஒரு வருஷம் காத்திருந்து கேட்டேன். சரின்னா.

மறுபடியும் ஓலை. இந்தத் தடவை ஐயரே வாசிச்சார். தடை வரி முடிஞ்சதும் அவரும் சபை மொத்தமும் லில்லியைத் திரும்பிப் பார்த்தாங்க. அவ எழுந்திரிக்கல.

இன்னைக்குக் காலையிலயும் அந்த வரியைக் கேட்டதும் பக்கத்துல திரும்பிப் பார்த்தேன்.

உக்காந்துதான் இருந்தா.