பாதிப் பாதி மாத்திரை

வடக்கனந்தலில் மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போகும் இருசம்மாளுக்குத் தலைமுடிதான் ஒரே சொத்து. கொண்டை போட்டால் கைக்குள் அடங்காது. அந்த முடி உச்சியில் கொத்துக் கொத்தாகக் கொட்டி, கொட்டிய இடம் எரிச்சலெடுத்து, தீப்பட்ட தழும்பு மாதிரி வழவழத்தபோது ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு எண்ணெய் சொன்னது, ஆளுக்கொரு சாமியும் சொன்னது. புருஷன் சுப்புராயன் விசேஷங்களுக்கு அவளை அழைத்துப் போவதை நிறுத்திக்கொண்டான்.

கூட வேலை செய்யும் அமலோற்பவத்துக்கும் அதே நோய். இருவரும் சேர்ந்தே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

“போன முடி வராது. இருக்கறதக் காப்பாத்தத்தான் மருந்து,” என்றார் டாக்டரம்மா. எந்த மருந்து நன்றாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கப்போவதாகச் சொல்லி, இருவரின் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டு, இருசம்மாளுக்கு வெள்ளை மாத்திரையும் அமலோற்பவத்துக்கு மஞ்சள் மாத்திரையும் கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்து டாக்டரம்மா பார்த்தபோது அமலோற்பவத்தின் தலையெரிச்சல் அடங்கியிருந்தது. இருசம்மாளுக்கு எரிந்துகொண்டே இருந்தது. எரிச்சலை விடப் பொறாமைதான் அவளைத் தின்றது.

“யக்கா, உனுக்கு மட்டும் நல்ல மருந்தாப் பாத்துக் குடுத்துட்டாங்க. எனுக்கு முன்னாடி முடியும் போய்க்கினே இருக்குது,” என்று காட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“இதுக்கு இன்னாத்துக்குடி அழுவுற? ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம். ரெண்டும் சேந்தா இன்னும் ஜாஸ்தி கேக்கும்.”

மதியச் சோற்றில் குழம்பைப் பங்கு போட்டுக்கொள்கிறவர்களுக்கு மாத்திரையும் அப்படித்தான் தோன்றியது. பாவம், வேறெப்படித் தோன்றும்?

மழைக்காலம் முடிவதற்குள் அமலோற்பவத்துக்கு எரிச்சல் திரும்பியது. நெற்றிக்கு மேலே முடி விலகிக்கொண்டே போனது. இருசம்மாளுக்கோ எரிச்சல் கொஞ்சம் கம்மி. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மஞ்சள் மாத்திரையில் பாதியை அமலோற்பவம் தரமாட்டாளே!

அடுத்த முறை டாக்டரம்மா இரண்டு தலைகளையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டு மருந்துமே சரியில்ல போலிருக்கே. நிறுத்திடலாம்.”

இருசம்மாள் பதறிப்போய் முந்திக்கொண்டாள்.

“மஞ்ச மாத்திரைய நிறுத்தாதீங்கம்மா. ஆளுக்குப் பாதியாத்தான் போட்டோம். அதப் போட்டப்புறந்தான் எனுக்கு எரிச்சலே கம்மியாச்சுங்க.”

டாக்டரம்மா அதிர்ந்துபோய் அமலோற்பவத்தைப் பார்த்தார். “உங்களுக்கு நல்லாக் கேட்டுக்கிட்டு இருந்துச்சேம்மா! முழுசா சாப்பிட்டிருந்தா முன்முடி நின்னிருக்கலாம்.”

அமலோற்பவம் இருசம்மாளின் பக்கம் திரும்பினாள். “எனுக்கு மறுபடி எரியுதுன்னு சொன்னப்ப, உனுக்கும் எரியுதுன்னியேடி?”

இருசம்மாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் இருசம்மாள் முதலில் ஏறி, பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். அமலோற்பவம் வடக்கனந்தல் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.